சொல்லும் பொருளும் பிரியாதிருக்க: சந்தைத் தொடர்பியல் பயில்வோருக்கு ஒரு திறந்த மடல்

செங்கல்பட்டு மாவட்டத்தின் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் வணிகவியல், மேலாண்மை, காட்சித் தொடர்பியல், இதழியல் ஆகிய துறைகளின் வழியே சந்தைத் தொடர்பியலைப் பயிலும் மாணவர்களுக்கும், அதைக் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும்,



ஒரு பொருளையோ சேவையையோ ஊரையோ கருத்தையோ அதற்கு உரியவர்களிடம் அறிமுகப்படுத்தி, அதன்மீது நம்பிக்கையை வளர்த்து, அவர்கள் தெளிந்து முடிவெடுக்கத் துணைநிற்கும் செய்திகளைத் திட்டமிட்டு உருவாக்குவதும், அச்செய்திகள் என்ன விளைவை ஏற்படுத்தின என்று ஆராய்வதும் சேர்ந்ததே சந்தைத் தொடர்பியல். விளம்பரம் இத்துறையின் ஒரு கிளை மட்டுமே. மக்கள் தொடர்பு, தள்ளுபடியும் இலவச இணைப்பும் போன்ற விற்பனை ஊக்க முறைகள், வாடிக்கையாளரோடு நேரில் பேசி விற்றல், பொட்டலத்தின் வடிவமைப்பு, கண்காட்சி, சமூக ஊடகப் பதிவு ஆகிய அனைத்தும் இதனுள் அடங்கும். அமெரிக்கப் பேராசிரியர் ஜெரோம் மெக்கார்த்தி 1960ஆம் ஆண்டு வெளியிட்ட பாடநூலில் பொருள், விலை, விற்பனையிடம், விற்பனை ஊக்கம் எனச் சந்தைப்படுத்தலை நான்கு கூறுகளாக வகுத்தபோது, தொடர்பியல் அந்த நான்காம் கூறுக்குள் அடங்கியிருந்தது. 1990களின் தொடக்கத்தில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் ஷுல்ட்ஸும் அவருடைய தோழர்களும் இக்கிளைகளைத் தனித்தனியே நடத்தாமல் ஒரே நோக்கின்கீழ் இணைக்க வேண்டும் என்று வாதிட்டனர். 1993இல் நூலாகவும் வெளிவந்த அக்கருத்தே, இன்று மேலாண்மைப் பாடத்திட்டங்களில் ஒருங்கிணைந்த சந்தைத் தொடர்பியல் என்ற தாளாக இடம்பெற்றிருக்கிறது. ஒரு நிறுவனத்தின் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றைச் சொல்ல, அதன் விற்பனையாளர் வேறொன்றைச் சொல்ல, பொட்டலத்தில் மூன்றாவதொன்று அச்சாகியிருந்தால் வாங்குபவர் எதையுமே நம்பமாட்டார் என்பதே அக்கருத்தின் சாரம்.

இந்த அடிப்படைகளை மாணவர்கள் வகுப்பறையில் கற்கிறார்கள். ஆனால் அவற்றை விளக்கப் பாடநூல்கள் கையாளும் சான்றுகள் பெரும்பாலும் பன்னாட்டுக் குளிர்பானத்தையும் சோப்பையும் கைப்பேசியையும் சுற்றியே அமைகின்றன. அந்த நிறுவனங்களின் உள்விவரங்களை மாணவர் நேரில் சென்று சரிபார்க்க வழியில்லை என்பதால், எழுதியதை அப்படியே ஏற்று விடைத்தாளில் ஒப்புவிப்பதே படிப்பாகிவிடுகிறது. மாறாக, முட்டுக்காட்டிலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை நீளும் கடற்கரையும் அதன் பின்புலமான செங்கல்பட்டும் இத்துறையின் ஏறத்தாழ எல்லாக் கேள்விகளையும் கண்முன் நிறுத்துகின்றன. ஒரு செய்தி உண்மையா, அதைச் சொல்ல யாருக்கு உரிமை உண்டு, அதனால் யாருக்குப் பயன் என்ற மூன்றையும் பேருந்தில் சென்று கேட்டு அறியக்கூடிய தொலைவில் இருந்துகொண்டே சரிபார்க்காமல் பட்டம் பெறுவது பெரும் இழப்பு என்பதும், விற்கும் திறனுக்கு முன்னால் சரிபார்க்கும் பழக்கமே இத்துறையின் முதற்பாடமாக வேண்டும் என்பதும் இம்மடலின் நிலைப்பாடு.

ஒருங்கிணைப்பு என்ற கோட்பாட்டுக்கு அண்மைக் காலத்தில் தமிழ்நாடு கண்ட மிகத் தெளிவான சான்று, 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடைபெற்ற 44ஆவது செஸ் ஒலிம்பியாட். ரஷ்யாவில் நடக்கவிருந்த போட்டி, உக்ரைன் போர் தொடங்கியபின் அங்கிருந்து விலக்கப்பட்டு மார்ச் மாதத்தில் தமிழ்நாட்டுக்கு வந்ததால், ஆயத்தத்துக்குக் கிடைத்தது ஏறத்தாழ நான்கு மாதங்களே. அந்தக் குறுகிய காலத்தில், சதுரங்கக் குதிரைக்கு வேட்டி சட்டை அணிவித்து வணக்கம் சொல்ல வைத்த ‘தம்பி’ என்ற சின்னம், சென்னை நேப்பியர் பாலத்தில் தீட்டிய கறுப்பு வெள்ளைக் கட்டங்கள், ஏ.ஆர். ரகுமான் இசையில் வந்த வரவேற்புப் பாடல், பேருந்து நிறுத்தப் பதாகை, ஆவின் பால் பாக்கெட் எனப் பல வழிகளிலும் ஒரே உருவமும் ஒரே செய்தியும் மக்களைச் சென்றடைந்தன. சதுரங்கம் ஆடத் தெரியாத வீட்டாரும் போட்டியைப் பற்றிப் பேசினர். பல ஊடகங்கள், ஒரே அடையாளம் என்று பாடநூல் ஒரு வரியில் சொல்வதை மாணவர்கள் தம் தெருவிலேயே கண்டனர்.

அதே நிகழ்வு இத்துறையின் மற்றொரு பக்கத்தையும் காட்டியது. அரசு செய்யும் விளம்பரம் மக்கள் பணத்தில் செய்யப்படுவது என்பதால், அதில் யாருடைய படம் இடம்பெறலாம் என்பது சட்டக் கேள்வியாகிறது. 2015 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் அரசு விளம்பரங்களில் குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி ஆகியோரின் படங்கள் மட்டுமே இடம்பெறலாம் என்று வரையறுத்து, 2016 மார்ச்சில் அதைத் தளர்த்தி ஆளுநர்கள், முதலமைச்சர்கள், அமைச்சர்கள் ஆகியோரின் படங்களுக்கும் இடமளித்தது. செஸ் ஒலிம்பியாட் விளம்பரங்களில் குடியரசுத் தலைவர், பிரதமர் ஆகியோரின் படங்கள் இல்லை என்று தொடுக்கப்பட்ட வழக்கில், அவை இடம்பெறுவதை உறுதிசெய்யுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, போட்டி தொடங்கிய நாளன்று உத்தரவிட்டது. மேலும், போட்டியின் அதிகாரபூர்வப் பெயர் சென்னையைத் தாங்கியிருக்க, ஆட்டங்கள் நடந்ததோ செங்கல்பட்டு மாவட்டத்தில். உலகெங்கும் சென்ற அப்பெயரால் போட்டி நடந்த ஊரின் விடுதிக்காரருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் சங்கு, சிப்பிப் பொருள் விற்பவருக்கும் நிலைத்த பயன் ஏதேனும் கிடைத்ததா என்பதை, அவர்களிடமே கேட்டு எழுதும் ஓர் ஆய்வேடு, நூறு பக்கக் கோட்பாட்டுச் சுருக்கத்தைவிட மதிப்புடையதாக இருக்கும்.

இக்கடற்கரை கற்பிக்கும் பாடங்களுள் மிக ஆழமானது கல்லில் இருக்கிறது. மாமல்லபுரத்தின் நினைவுச்சின்னங்கள் 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை. 1957இல் இங்கே தொடங்கப்பட்ட சிற்பப் பயிற்சி நிலையம், இன்று அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது. கன்னியாகுமரியில் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையை வடித்த கணபதி ஸ்தபதி அதன் முதல்வராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவர். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறிப்பிட்ட ஊரின் மண்ணாலோ மரபுத் திறனாலோ தனித்தன்மை பெற்ற பொருளின் பெயரைப் பிறர் பயன்படுத்தாமல் காக்கும் சட்டப் பாதுகாப்பே புவிசார் குறியீடு. 1999இல் நிறைவேறி 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்கீழ், சென்னையிலுள்ள பதிவகம் அதை வழங்குகிறது. இவ்வளவு தகுதிகளும் இருந்தும், சாலையோரக் கடையில் சிலை ஒன்றைக் கையிலெடுக்கும் பயணிக்கு அந்தச் சிலையைப் பற்றி நம்பத்தக்க செய்தி எதுவும் எழுத்தில் கிடைப்பது அரிது. சந்தைத் தொடர்பியல் பயில்வோர் உற்றுநோக்க வேண்டிய இடைவெளி இதுவே.

ஒரு சிற்பக் கூடத்தில் நடப்பதைக் கவனித்தால், சொல்லப்படாமல் போகும் செய்தி எவ்வளவு என்பது விளங்கும். சிற்பி கல்லைத் தட்டி அது எழுப்பும் ஒலியைக் கேட்கிறார். ஒலியையும் தன்மையையும் கொண்டு கல்லை வகைப்படுத்தும் சிற்ப மரபு, ஆண் கல்லை இறை உருவத்துக்கும் பெண் கல்லைத் தேவி உருவத்துக்கும் மூன்றாம் வகைக் கல்லைப் பீடம் முதலியவற்றுக்கும் உரியதாகக் கொள்கிறது. அடுத்து உருவத்தின் அளவு முடிவாகிறது. உருவத்தின் முக நீளம் ஒரு தாலம் எனப்படும். தாலம் 12 அங்குலமாகப் பகுக்கப்படும். இந்த அங்குலம் அளவுநாடாவில் உள்ள இஞ்சு அன்று, சிலைக்குச் சிலை மாறும் விகித அலகு. ஆகவே கையகலச் சிலையிலும் ஆளுயரச் சிலையிலும் உறுப்புகளின் பொருத்தம் ஒன்றாகவே இருக்கும். பிறகு கல்லின்மேல் கோடிட்டு, வேண்டாத பகுதியைத் தட்டி நீக்கி, பருமனான உளியிலிருந்து மெல்லிய உளிக்கு மாறி, நுண்வேலை முடித்து மெருகேற்றி, வழிபாட்டுக்குரிய சிலையானால் இறுதியில் கண் திறக்கிறார்கள். இன்று பல கூடங்களில் கல்லை வெட்டுவதற்கும் தேய்ப்பதற்கும் மின்னியந்திரம் வந்துவிட்டது; நுண்வேலைக்கு உளி நிலைத்திருக்கிறது. கருங்கல்லில் செய்தது ஒருபுறமும், எளிதில் செதுக்கக்கூடிய மாக்கல்லில் செய்த சிறு பொருள் மறுபுறமும் ஒரே தட்டில் அடுக்கப்பட்டிருக்கும்போது, இரண்டின் விலையும் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்று வாங்குபவருக்குப் புரிவதில்லை. புரியாதவர் பேரம் பேசுகிறார். பேரத்தில் முதலில் குறைவது சிற்பியின் கூலி.

இவ்விடத்தில் மாணவர்களால் செய்யக்கூடியது தெளிவாக இருக்கிறது. கல்லின் வகை, இயந்திரம் செய்த பகுதி, கையால் செய்த பகுதி, வேலை நடந்த நாட்கள், கூடத்தின் பெயர் ஆகிய ஐந்தையும் தமிழிலும் வேறொரு மொழியிலும் சொல்லும் சிறு விவரச்சீட்டு ஒன்றைச் சிற்பியோடு சேர்ந்து உருவாக்கி, அச்சீட்டு உள்ள சிலைக்கும் இல்லாத சிலைக்கும் வாங்குபவரின் நடத்தை எப்படி மாறுகிறது என்று ஒரு பருவம் முழுவதும் கவனித்துப் பதிவுசெய்யலாம். புவிசார் குறியீட்டைப் பயன்படுத்த விரும்பும் கைவினைஞர் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தம்மைப் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லி, விண்ணப்பம் நிரப்ப உதவுவதும் இத்துறையின் பணிதான். இயந்திரம் தொட்ட சிலையை முழுவதும் கைவேலை என்று எழுதச் சொல்லும் கடைக்காரர் இருந்தால், அதை எழுத மறுப்பதும் அப்பயிற்சியின் ஒரு பகுதி.

செய்தியில் பொய் சொற்களால் மட்டும் நுழைவதில்லை. சரியான எண்களாலும் நுழையும் என்பதற்கு மாமல்லபுரமே சான்று தருகிறது. 2021-22 நிதியாண்டில் கட்டணச்சீட்டுள்ள மத்திய அரசின் பாதுகாப்பு நினைவுச்சின்னங்களுள், மாமல்லபுரத்தை 1,44,984 வெளிநாட்டவரும் தாஜ்மகாலை 38,922 வெளிநாட்டவரும் பார்வையிட்டதாக நடுவண் சுற்றுலா அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டுத் தொகுப்பு தெரிவித்தது. தாஜ்மகாலை மாமல்லபுரம் முந்திவிட்டது என்ற தலைப்பு உடனே பரவியது. எண்கள் சரியானவை, ஆனால் அந்த ஆண்டின் பெரும்பகுதியில் இந்தியாவுக்கான சுற்றுலா விசா நிறுத்தப்பட்டிருந்து, 2021 நவம்பரில்தான் மீண்டும் பரவலாக வழங்கப்பட்டது என்பதையும், பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளில் தாஜ்மகாலுக்கு வந்த வெளிநாட்டவர் பல லட்சம் பேர் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், படிப்பவர் மனத்தில் விழும் சித்திரம் தவறானதாகிவிடும். ஓர் எண்ணை எந்த ஆண்டிலிருந்து, எந்தச் சூழலிலிருந்து, எதனோடு ஒப்பிட்டு எடுத்தோம் என்பதை விளம்பர வாசகத்திலேயே தெரிவிக்கும் நேர்மையை மாணவர்கள் முதலாண்டிலேயே பழக வேண்டும். பின்னாளில் அது தானே வருவதில்லை.

பழைய மாமல்லபுரம் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் வரிசைகட்டி நிற்கும் மனை விளம்பரங்கள் இக்கேள்வியைக் குடும்பங்களின் சேமிப்போடு இணைக்கின்றன. கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலிருந்து இத்தனை நிமிடம், கடலிலிருந்து இத்தனை அடி என்று ஒரு பதாகை சொல்லும்போது, அந்த நிமிடம் எந்த நேரத்துப் போக்குவரத்தில் கணக்கிடப்பட்டது, அந்த நிலம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா, ஆண்டுதோறும் மழைநீர் தேங்கும் தாழ்நிலமா என்பன சொல்லாமல் விடப்படலாம். மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் 2016இன்படி, பதிவுசெய்ய வேண்டிய திட்டத்தின் ஒவ்வொரு விளம்பரத்திலும் அதன் பதிவெண்ணும் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணைய முகவரியும் இடம்பெற வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொய்யான விவரிப்பை மட்டுமன்றி முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறான விளம்பரம் என்றே வரையறுக்கிறது. அச்சட்டத்தின்கீழ் 2020 ஜூலையில் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையிலும் தண்டம் விதிக்கலாம். பரிந்துரைத்துப் பேசும் பிரபலத்தை ஓராண்டு வரையிலும், மறுமுறை மூன்றாண்டு வரையிலும் விளம்பரங்களில் தோன்றத் தடை செய்யலாம். விளம்பரத் துறையினர் 1985இல் தாமே அமைத்துக்கொண்ட இந்திய விளம்பரத் தர மன்றமும் பொதுமக்களின் புகார்களை ஏற்கிறது. வாசகம் எழுதக் கற்கும் மாணவர் இவ்விதிகளைச் சட்டத் தாளில் மனப்பாடம் செய்து மறப்பதைவிட, தம் ஊர்ச் சாலையில் நிற்கும் பத்துப் பதாகைகளை இவ்விதிகளோடு ஒப்பிட்டு அறிக்கை எழுதுவது பெரும்பயன் தரும்.

நம்பிக்கை ஒருமுறை பெற்றால் நிலைத்துவிடுவதில்லை என்பதைக் கோவளம் கற்பிக்கிறது. 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை அது. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளை, நீரின் தரம், தூய்மை, பாதுகாப்பு, சுற்றுச்சூழல் கல்வி ஆகியவை சார்ந்த 33 அளவுகோல்களைக் கொண்டு ஆண்டுக்கு ஆண்டு அச்சான்றை வழங்குகிறது. கொடியைப் படமெடுத்துப் பரப்புவது எளிது. நாள்தோறும் குப்பையை அகற்றும் தூய்மைப் பணியாளரின் உழைப்பே அக்கொடியின் பொருள் என்பதைச் செய்திக்குள் கொண்டுவருவது தேர்ந்த தொடர்பியலாளரால் மட்டுமே இயலும்.

வாங்குபவரை ஈர்ப்பது மட்டுமே இத்துறையின் வேலை அன்று என்பதற்கு வடநெம்மேலியில் 1978இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் சான்று. அது எடுக்கும் நஞ்சு, பாம்புக்கடி மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்குச் செல்கிறது. பொதுமக்கள் அதை வாங்குவதில்லை. எனினும் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அடையாளம் காண்பது, கடிபட்டவரை நேரம் கடத்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது, இருளர் பழங்குடியினரின் அறிவை மதிப்பது ஆகியவை மக்களிடம் சென்று சேர வேண்டிய செய்திகள். இச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றபோது நாடு அவர்களைத் திரும்பிப் பார்த்தது. விருதின் செய்தி சில நாட்களில் அடங்கிவிடும். வயலில் வேலை செய்யும் பெண்ணுக்குப் புரியும் தமிழில் எழுதிய ஒரு சுவரொட்டி உயிரைக் காக்கும். இலாபத்துக்காக அன்றிச் சமூக நன்மைக்காக இதே நுட்பங்களைக் கையாளும் இப்பிரிவுக்குச் சமூகச் சந்தைப்படுத்தல் என்று பெயர். பாடத்திட்டங்களில் அது ஓர் அலகாகச் சுருங்கிவிடுவது வருந்தத்தக்கது.

இவற்றிலிருந்து ஆசிரியப் பெருமக்களின் முன் வைக்கத்தக்க கருத்துகள் மூன்று. முதலாவது, ஒவ்வொரு மாணவரும் படிப்புக் காலத்தில் ஒரு முழுப் பருவத்தையேனும் இம்மாவட்டத்தின் ஒரு சிற்பக் கூடத்தோடோ மீனவர் கூட்டுறவுச் சங்கத்தோடோ மகளிர் சுயஉதவிக் குழுவோடோ செலவிட்டு, அவர்களுடைய ஒப்புதலோடு அவர்களுக்குப் பயன்படும் செய்தி ஒன்றை உருவாக்கிக் கையளிக்க வேண்டும். மதிப்பெண் பெற்றபின் திரும்பிப் பாராமல் விலகுவது அவர்களுடைய காலத்தைப் பறிப்பதாகும். இரண்டாவது, தமிழில் எழுதும் திறன் தேர்வுக்குரிய பாடமாக வேண்டும். இங்குள்ள விளம்பரங்களில் பல ஆங்கிலத்தில் சிந்திக்கப்பட்டு அவசரமாகத் தமிழாக்கப்படுவதால், வாசகம் யார் வாயிலும் நிற்பதில்லை. வாங்கும் மக்கள் பேசும் மொழியிலேயே எண்ணி எழுதக்கூடியவர் எந்த நிறுவனத்துக்கும் தேவைப்படுவார். மூன்றாவது, ஒரு விளம்பரத் திட்டத்தை மதிப்பிடும்போது அழகுக்கும் புதுமைக்கும் அளிக்கும் மதிப்பெண்ணுக்குக் குறையாமல், அதில் சொல்லப்பட்ட ஒவ்வொரு கூற்றுக்கும் மாணவர் காட்டும் ஆதாரத்துக்கும் மதிப்பெண் அளிக்க வேண்டும்.

மாணவர்களின் கவலையும் இம்மடலுக்குப் புறம்பானதன்று. கடன் வாங்கிப் படிக்க வைத்த குடும்பம் காத்திருக்க, பட்டம் முடிந்ததும் வேலை வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. மென்பொருள் கருவிகள் வாசகத்தையும் படத்தையும் நொடியில் உருவாக்கித் தரும் இக்காலத்தில், அழகாகச் சொல்லும் திறனுக்கு மட்டும் கிடைக்கும் விலை குறையவே செய்யும். களத்துக்குச் சென்று கேட்டு, சரிபார்த்து, சொல்லத்தக்கதையும் சொல்லத்தகாததையும் பிரித்தறியும் திறன் மட்டும் எளிதில் கிடைப்பதன்று. வேலைச் சந்தையிலும் நீண்ட நாள் நிற்பது அதுவே. அறமும் பிழைப்பும் இங்கே எதிரெதிர்த் திசைகளில் இல்லை.

ஆகவே, அடுத்த பருவத்துக்கான திட்ட ஆய்வுத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் ஒவ்வொருவரும், உலகப் புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரை எழுதுவதற்கு முன்னால், ஒருமுறை பேருந்தேறி மாமல்லபுரத்துக்கோ கோவளத்துக்கோ வடநெம்மேலிக்கோ சென்று, அங்கே உழைப்பவர் ஒருவரிடம் அவருடைய தொழிலைப் பற்றி உலகம் எதை அறிய வேண்டும் என்று கேட்டு, அவர் சொல்வதை முழுமையாகக் குறித்துக்கொண்டு வரட்டும். ஆசிரியர்கள் அதற்கு வழிவிடட்டும். கல்லூரிகள் அதற்கு நேரம் ஒதுக்கட்டும். செங்கல்பட்டு மாவட்டத்தில் சந்தைத் தொடர்பியல் பயிலும் ஒவ்வொருவரிடமும் இம்மடல் வைக்கும் வேண்டுகோள் இதுவே.